வாயடைத்த தட்டு

அத்தியாயம் 7

"கொலை இல்லீங்க, கொள்ளை இல்லீங்க. நாலஞ்சு இரும்புத் தண்டு முட்டையாப் போச்சாம். அதுக்கு ஒரு துப்பறியும் நிபுணர், அவங்களுக்கு ஒரு உதவியாளர். பேசாம பல்லடத்துக் கோழிப் பண்ணைக்காரர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமுங்க்கா."

காந்திபுரத்தில் தொடங்கிய இந்தப் புலம்பலை, கணபதி என்கிற அடுத்த பேட்டை வரும்வரை ஆல்வின் நிறுத்தவில்லை. மொபெட்டை ஓட்டியது அந்த நிபுணர் ராமாமணி. பின்னால் தோல்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சாலையின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு வசனம் பேசியது அவன்.

"வாயை மூடிட்டு வா, தம்பி. சாயந்திரத்துக்குள்ள நாம கண்டுபிடிக்கலைன்னா ஒரு மனுசனைப் போலீஸ்ல ஒப்படைச்சிருவாங்க."

ஆல்வின் வாயை மூடினான். அடுத்த குழி வரைக்கும்.

அழகிரிசாமியின் பட்டறை அவர் வீட்டுக்குக் கீழேயே இருந்தது. மாடியில் குடும்பம், தரைத்தளத்தில் இரும்பைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து உருட்டுகிற கிரைண்டிங் மெஷின். பருத்தி வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, நாலு வருடம் முன்பு ஆசைப்பட்டுப் பட்டறையை விலைக்கு வாங்கியவர் அவர். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது பஞ்சைவிடக் கனம் என்பதுதான் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். ஆனால் வாசலில் வந்து வரவேற்ற பதவிசைப் பார்த்தால் கேலி செய்ய மனசு வராது.

"வாங்க அம்மணி, வாங்க கண்ணு. வெயில்ல வந்துபோட்டீங்க. மோர் குடிக்கறீங்களா?"

"மொதல்ல தண்டைப் பாக்கறேங்கண்ணா" என்றாள் ராமாமணி.

"மொதல்ல மோர்" என்றான் ஆல்வின்.

தண்டு என்றால் கிராங்க்‌ஷாஃப்ட். ஒரு சைக்கிளின் இரண்டு பெடல்களையும் நடு அச்சையும் ஒரே இரும்பில் செய்து எடுத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். டீசல் என்ஜினுக்குள் மேலும் கீழுமாகக் குதிக்கிற பிஸ்டனின் ஆட்டத்தை வாங்கி, அதைச் சுழற்சியாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அந்தத் தண்டு தாங்கிகளில் உட்கார்ந்து சுற்றுகிற கழுத்துகளுக்கு ஜர்னல் என்று பெயர். ஜர்னல் உருண்டையாக இருக்கவேண்டும். ஒரு தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் வருகிற கீற்றளவுகூடப் பிசகக் கூடாது. பிசகினால் தாங்கி சூடேறி, தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிற என்ஜின் உச்சி வெயிலில் உட்கார்ந்துவிடும். அப்போது விவசாயி என்ஜினைத் திட்டமாட்டார். செய்தவனின் வம்சத்தைத் திட்டுவார்.

"பீளமேட்டுக் கம்பெனிக்குத்தான் அனுப்பறோமுங்க" என்றார் அழகிரிசாமி. "எம் பொண்ணு தேஜஸ்ரீயைப் பொண்ணு பாக்க வந்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லீங்க. அதுக்கப்புறம் போனதுல பாதி திரும்பி வந்துபோடுச்சு. உருண்டை இல்லையாமா. இன்னைக்குச் சாயந்திரம் அவிங்க கம்பெனியில சரக்கு சோதிக்கற இன்ஸ்பெக்டர் வெங்கடபதி வர்றாரு. கெடுத்தவனைக் கையோட நிறுத்தறேன்னு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

"கெடுத்தது யாருங்கண்ணா?"

"வேற யாரு, மாரப்பன்தான். இத்தனை வருஷமா இந்த மெஷினை ஓட்டறவன். போன வாரம் ஷிஃப்டு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், கையில ஸ்பானரோட இதுகிட்ட நின்னான். நானே பாத்தேன்."

அவர் காட்டிய 'இது', மெஷினின் இடது முனையில் இருந்த ஓர் இரும்பு மூடி. மெஷினுக்கே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. மூடியின் கைப்பிடியில் மட்டும் கூடுதலாக ஒரு மஞ்சள் கயிறு, அதில் வாடிப்போன எலுமிச்சம்பழம்.

"பூஜைக் கயிறுங்க" என்றார் அழகிரிசாமி, ஆல்வினின் பார்வையைக் கவனித்து. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அய்யரைக் கூப்பிட்டுக் கட்டினது. கல்யாணம் முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது. அதையே அவுக்கப் பாத்தானுங்க அந்தப் படுபாவி."

படுபாவி பின்பக்கம் காலி மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். முகத்தில் பயம் இல்லை, கடுப்பு இருந்தது.

"ஸ்பானரோட நின்னீங்களா மாரப்பன்?" என்று கேட்டாள் ராமாமணி.

"நின்னேனுங்க. மெஷின் சத்தம் மாறிப்போச்சு. மூடியைத் தொறந்து பாக்கறேன்னு ரெண்டு தடவை கேட்டேன். கயிறு, பூஜை, கல்யாணம்னு மொதலாளி ஒத்துக்கலை. அதான் திருட்டுத்தனமாப் பாக்கலாம்னு நின்னேன். அதுக்குள்ள வந்துபோட்டாரு." கொஞ்சம் நிறுத்தினான். "ஏனுங்க்கா, நானொண்ணு கேக்கறேன். நான் கெடுக்கோணும்னா சைஸைக் கெடுத்திருப்பேன். சக்கரத்தை ஒரு கோடு கூடுதலா நகத்தினாப் போதும், தண்டு இளைச்சுப்போகும். வேலை முடிஞ்சுது. உருண்டையை முட்டையாக்கற வித்தை எனக்கே தெரியாதுங்க."

"யோக்கியமான குற்றவாளிங்க்கா" என்று முணுமுணுத்தான் ஆல்வின். "எப்படிக் கெடுக்கறதுன்னு நமக்கே பாடம் எடுக்கறாரு."

மாரப்பன் சிரிக்கவில்லை. "சிரிங்க தம்பி. சாயந்திரம் அந்த வெங்கடபதி முன்னால என்னை நிறுத்தி இவன்தான்னு சொல்லிட்டா, ராத்திரிக்குள்ள கணபதி முழுக்கத் தெரிஞ்சுபோகும். அப்புறம் எந்தப் பட்டறைப் படியும் ஏற முடியாது. மெஷினைக் கெடுத்தவன்கிற பேரு ஒட்டிக்கிச்சுன்னா அதைக் கிரைண்டிங் பண்ணிக்கூட எடுக்க முடியாதுங்க."

ஆல்வின் அடுத்த ஜோக்கை விட்டுவிட்டுத் தோல்பையைத் திறந்தான்.

ராமாமணி துப்பறியும் தொழிலுக்கு வருமுன் ஒரு தொழிற்சாலையின் அளவு அறையில் வேலை பார்த்தவள். ஆட்களைவிட இரும்பு சீக்கிரம் உண்மையைச் சொல்லும் என்பது அவள் கட்சி. திரும்பி வந்த தண்டு ஒன்றை மேஜைமேல் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே மாட்டினாள். முள் வைத்த கடிகாரம்போன்ற டயல் கேஜின் நுனியை ஜர்னல்மேல் வைத்தாள்.

"மெதுவாச் சுத்து. முள்ளைப் பாத்துட்டே சொல்லு."

ஆல்வின் சுற்றினான். "ஏறுதுங்க... இறங்குது... மறுபடி ஏறுது... இறங்குது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை கும்பிடுதுங்க்கா. ரொம்ப மரியாதையான முள்ளு."

"ஒரு தடவை கும்பிட்டிருந்தா, நடு தப்பியிருக்குன்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா எதிரெதிர்ல ரெண்டு மேடு. முட்டையேதான்." அவள் சாக்பீஸால் மேடுகளைக் குறித்தாள். "அடுத்த ஜர்னலுக்கு வா."

அங்கேயும் இரண்டு மேடு, ஆனால் சற்றுக் குறைவு. கடைசி ஜர்னலில் முள் அசைந்ததே தெரியவில்லை.

அடுத்த தண்டு, அதற்கடுத்தது. திரும்பி வந்த எல்லாவற்றிலும் ஒரே கதை. இடது முனையில் முட்டை பெரிது, வலப்பக்கம் போகப் போகச் சிறிது. தண்டுகளை வரிசையாகப் படுக்கவைத்தபோது ஆல்வின் விசிலடித்தான். ஒவ்வொரு தண்டின் இடது முனையிலும் மெஷின் பிடித்துச் சுற்றுவதற்கான ஒரு துளை உண்டு. அந்தத் துளையை மேலே வைத்துப் பார்த்தால், எல்லாத் தண்டிலும் சாக்பீஸ் கோடு ஒரே பக்கத்தில்.

"மனுசன் கையால பண்ணின தப்பு இப்படி அணிவகுத்து நிக்காது தம்பி. இன்னிக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம்னு விழும். இது என்னமோ தண்டோட சேர்ந்து சுத்திக்கிட்டே, ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை அதை முட்டித் தள்ளுது. இடது பக்கத்துல இருந்து."

இடது பக்கத்தில் இருந்தது மூடி. மூடிமேல் இருந்தது கயிறு. கயிற்றில் இருந்தது ஒரு குடும்பத்தின் கல்யாண நம்பிக்கை.

"அதை அவுத்தீங்கன்னா அழகிரிசாமி அண்ணன் நம்மளையும் மரப்பெட்டியில உக்கார வெச்சிருவாருங்க" என்றான் ஆல்வின்.

"மொதல்ல மாடிக்குப் போவோம். மோருக்கு நன்றி சொல்லோணுமில்ல?"

மாடியில் அழகிரிசாமியின் மனைவி வெங்கடலட்சுமி, வந்தவர்களுக்குப் பலகாரம் வைக்காமல் பேசத் தெரியாதவர். தேன்குழல் இருந்த டப்பாவை எடுத்துவந்தார். சுற்றிலும் நீல மயில்கள் அச்சிட்ட வட்ட பிஸ்கட் டப்பா. மேலே மட்டும் ஓர் எவர்சில்வர் தட்டு மூடியிருந்தது.

"மூடி எங்கீங்கம்மா? மயிலுக்குத் தொப்பி இல்லாம இருக்குது" என்றான் ஆல்வின், மூன்றாவது தேன்குழலை எடுத்தபடி.

"அதையேன் கேக்கறீங்க கண்ணு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இருந்து காணோம். நானும் தேடாத எடமில்லை."

ராமாமணி சமையலறை அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாக டம்ளர்கள். "கீழ மெஷின் ஓடறது உங்களுக்குத் தொந்தரவா இல்லீங்களா அக்கா?"

"இப்ப இல்லீங்க. முன்னெல்லாம் அது கிளம்பறப்பவும் நிக்கறப்பவும் கடகடன்னு ஒரு சத்தம். இந்த டம்ளரெல்லாம் ஒண்ணோடொண்ணு பேசிக்கும். இப்ப கொஞ்ச நாளாத்தான் வீடு வீடாட்டம் இருக்குது."

"எப்ப இருந்துங்க?"

"அதுவும் அந்த ஞாயித்துக்கெழமை இருந்துதான். சம்பந்தி ஆகப்போறவரு பல்லடத்துல தறி வெச்சிருக்காருங்க. தறிக்குப் பக்கத்துல நின்னு காதாலயே எந்த ஆணி லூஸுன்னு சொல்லிருவாராமா. கீழ எறங்கி வந்து மெஷினைப் பாக்கோணும்னாரு. நல்லவேளை, இவரு ஸ்விட்சைப் போட்டுக் காட்டினப்ப அது சத்தமே போடலை. சாமி காப்பாத்திச்சு."

"பொண்ணைப் பிடிச்சுதாங்க?"

"இன்னும் பதிலே சொல்லலீங்க." அவர் முகம் சுருங்கியது.

படியிறங்கும்போது ராமாமணி பூஜை அலமாரியிலிருந்து இரண்டு தீப்பெட்டிகளை இரவல் வாங்கிக்கொண்டாள். கீழே மேஜைமேல் ஒன்றை வைத்தாள்.

"இதோட உள்பெட்டி எப்படி நகரும்?"

"நீளவாக்குல. முன்னயும் பின்னயும்."

"பக்கவாட்டுல?"

"நகராதுங்க."

அவள் உள்பெட்டியைப் பாதி இழுத்து, அதன்மேல் இரண்டாவது தீப்பெட்டியைக் குறுக்கே வைத்து விரலால் பிடித்துக்கொண்டாள். "இப்ப மேல இருக்கற உள்பெட்டியை நகத்து."

"இது குறுக்குவாட்டுல போகுது. அடியில இருக்கறது நீளவாக்குல போகுது. அட, ரெண்டும் சேர்ந்தா எந்தப் பக்கம் வேணும்னாலும் கொண்டுபோலாமுங்களே!"

"அதான் விசயம். இந்த மெஷின்ல தண்டைத் தாங்கறது ரெண்டு கூர்முனை. அதைச் சுத்தறது மோட்டார். தாங்கறவன் வேற, சுத்தறவன் வேற. ரெண்டு பேரோட மையமும் ஒரே கோட்டுல இருந்தா நல்லது. ஆனா எந்த மெஷின்லயும் துளிகூடப் பிசகாம இருக்காது. அதனால நடுவுல ஒரு தட்டு வெப்பாங்க. அதுக்கு ஒரு முகத்துல நெட்டுப் பள்ளம், இன்னொரு முகத்துல குறுக்குப் பள்ளம். இந்த ரெண்டு தீப்பெட்டி மாதிரி வழுக்கி வழுக்கி, கோணலையெல்லாம் தானே முழுங்கிட்டு, சுத்தறதை மட்டும் தண்டுக்குக் குடுக்கும். வழுக்கோணும்னா பள்ளத்துல கொஞ்சம் இடம் வேணும். தேஞ்ச மெஷின்ல அந்த இடம்தான் கடகடன்னு பேசும்."

"அந்தப் பேச்சுதான் நின்னுபோச்சு" என்றான் ஆல்வின் மெதுவாக. "யாரோ வாயை அடைச்சிருக்காங்க."

"ஒரு பள்ளத்தை மட்டும். ரெண்டும் வழுக்கினா உருண்டை. ஒண்ணு இறுகிட்டா, தட்டு அந்தத் திசையில கோணலை முழுங்காம தண்டு மேல துப்பும். அந்தத் திசை ஒரு சுத்துல ரெண்டு தடவை சக்கரத்துக்கு நேரா வரும், தலை ஒரு தடவை, வால் ஒரு தடவை."

"முள்ளு ரெண்டு தடவை கும்பிட்டது அதுக்குத்தானுங்களா!"

இனி மூடியைத் திறக்கவேண்டும். அழகிரிசாமி கயிற்றுக்கு முன்னால் வந்து கைகளை விரித்து நின்றார். "அம்மணி, என்ன வேணா பண்ணுங்க. கயிறு மட்டும் வேண்டாமுங்க. பல்லடத்துல இருந்து இன்னும் பதில் வரலை."

ராமாமணி மூடியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கயிறு கைப்பிடியிலதானே கட்டியிருக்குது அண்ணா? கீலுக்குப் பூஜை பண்ணலையே?"

ஆல்வின் ஏற்கெனவே தோல்பையைத் திறந்துவிட்டான். மறுபக்கத்துக் கீல்களின் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கயிறும் எலுமிச்சையும் இருந்த இடத்திலேயே இருக்க, மூடி பின்பக்கமாகத் திறந்தது. அழகிரிசாமி எலுமிச்சம்பழத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

உள்ளே தட்டு. முன்முகத்துப் பள்ளத்தில் ஏதோ பளபளத்தது. பின்முகத்துப் பள்ளம் காலி. ஆல்வின் திருப்புளியால் நெம்ப, இரண்டாக மடித்துச் சுத்தியால் தட்டி இறுக்கியிருந்த தகடு ஒன்று வெளியே வந்து விழுந்தது.

"பாத்தீங்களா!" அழகிரிசாமி துள்ளினார். "மாரப்பன் வேலைதானுங்களே! இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

ராமாமணி தகட்டைக் கையில் எடுக்கவே இல்லை. "மாரப்பன், பட்டறையில இடைவெளி அடைக்கோணும்னா எதை வெப்பீங்க?"

பின்வாசலில் வந்து நின்ற மாரப்பன் சுவரைக் காட்டினான். அங்கே பித்தளைத் தகடுகள் தடிமன் வாரியாகச் சுருட்டித் தொங்கின. "இதைத்தானுங்க. இதை விட்டுட்டு டப்பாத் தகடு வெச்சா எங்க கையே எங்களைக் காறித் துப்பும்."

"டப்பாத் தகடா?" என்றார் அழகிரிசாமி.

ஆல்வின் அதை விரித்தான். துணியால் எண்ணெயைத் துடைத்தான். தகட்டின் ஒரு பக்கம் வெறும் வெள்ளை. மறுபக்கத்தில் நீல நிறத்தில் ஒரு மயிலின் கழுத்து, பாதித் தோகை.

"மயிலுக்குத் தொப்பி கிடைச்சிருச்சுங்க்கா" என்றான்.

காபி டம்ளர்களோடு படியிறங்கி வந்த வெங்கடலட்சுமி தகட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "ஏனுங்க, நான் பத்து நாளா வலை போட்டுத் தேடறேன். கொண்டுவந்து மெஷினுக்குத் தின்னக் குடுத்துப்போட்டீங்களா?"

அழகிரிசாமி பக்கத்திலிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமை காலையில..." என்று ஆரம்பித்தார். குரல் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "தறிக்காரரு காதாலயே எல்லாம் கண்டுபிடிப்பாருன்னாங்க. கடகடன்னு கேட்டா, ஓட்டை மெஷினை வெச்சுப் பொழைக்கறான், பொண்ணுக்கு என்ன செய்வான்னு நினைப்பாரில்லீங்களா? ஆளுகளுக்கு லீவு. மூடியைத் தொறந்தா தட்டு ஆடுது. பட்டறையில எதுல ஆட்டம் இருந்தாலும் கெட்டதுன்னு மாரப்பன்தானே எப்பப் பாரு சொல்லுவான்? கண்ணுக்குத் தெரிஞ்ச பள்ளத்துல சொருகினேன். நல்லது பண்ணினதாத்தான் நினைச்சேன். பின்னால இன்னொரு பள்ளம் இருக்கறதே இப்பத்தானுங்க பாக்கறேன்."

"சொல்லுவேனுங்க" என்றான் மாரப்பன். "எல்லா எடத்துலயும் ஆட்டத்தைக் கொல்லோணும்னு சொல்லுவேன். இந்த ஒரு எடத்துல மட்டும் ஆட்டம்தான் வேலையே. அதை நீங்க கேக்கவே இல்லையே."

"அதுவுமில்லாம அண்ணா" என்றாள் ராமாமணி, "தறிப் பட்டறையில வாழ்ந்தவருக்குக் கடகடன்னு கேட்டாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம். உங்க மெஷின் கமுக்கமா இருந்ததைப் பாத்து, ஆர்டரே இல்லாம ஓடுதோன்னு யோசிச்சுட்டிருக்காரோ என்னமோ."

அழகிரிசாமி கைப்பிடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைத் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் வேன் வந்து நின்றது. இடுப்பில் பேஜர், கையில் மைக்ரோமீட்டர் பெட்டி. பீளமேட்டு வெங்கடபதி சொன்னபடி வந்துவிட்டார். அவர் காலணியைக் கழற்றுவதற்குள் மாரப்பன் எழுந்துபோய், யாரையும் கேட்காமல், ஒரு புதுத் தண்டைத் தூக்கி மெஷினின் கூர்முனைகளுக்கு நடுவே மாட்டினான். ஆல்வின் மூடியை வைத்துக் கீல்களை முடுக்கினான். மாரப்பன் ஸ்விட்சைப் போட்டான்.

கடகட, கடகட.

மாடி அலமாரியில் டம்ளர்கள் மறுபடி பேசத் தொடங்கின. சக்கரம் தண்டைத் தொட்டது. பொறிகளும் தண்ணீருமாகச் சிறிது நேரம். தண்டு வெளியே வந்ததும் வெங்கடபதியே டயல் வைத்துப் பார்த்தார். முள் ஒரு தடவைகூடக் கும்பிடவில்லை. கோவில் துவாரபாலகர்போல நின்றது.

"சுத்தமா இருக்குதே!" என்றார் அவர். பிறகு நினைவு வந்து நிமிர்ந்தார். "சரிங்க, கெடுத்த ஆளைக் காட்டறேன்னீங்களே. எங்க அவன்?"

ஆல்வின் மாரப்பனைப் பார்க்கவில்லை. ராமாமணியும் பார்க்கவில்லை. வெங்கடலட்சுமி காபி டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பன் மட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, அடுத்த தண்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கை ஒரு கணம் நின்றது.

அழகிரிசாமி முக்காலியிலிருந்து எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மெஷின் பக்கமாக இரண்டடி வந்து, பள்ளிக்கூடத்தில் தப்பை ஒத்துக்கொள்கிற பையன்போல வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

"நாந்தானுங்க."

வெங்கடபதிக்குப் புரியவில்லை. "என்னது?"

"கெடுத்தது நாந்தானுங்க. மாரப்பன் இல்லை. அவன் சரிபண்ணத்தான் பாத்தான். அவன் மேல பழி போட்டதும் நாந்தான். இதையும் கம்பெனியில அப்படியே சொல்லிருங்க."

மாரப்பன் திரும்பவில்லை. தண்டை இறுக்கினான், ஒரு தடவை சுற்றிப் பார்த்தான், குளிர்நீர்க் குழாயைத் திறந்து ஸ்விட்சைப் போட்டான்; மெஷின் கடகடத்தது. அப்புறம்தான் பேசினான்.

"கையை எறக்குங்க மொதலாளி. ஓடற மெஷின் பக்கம் கையை நீட்டக் கூடாது."